மொம்பாசாவில் இருந்து கேப் டவுனுக்கு பைக்கில்: முழுமையான வழிகாட்டி

பெரும்பாலானோர் இந்தப் பயணத்தை வண்டியில் இருந்து தொடங்குகிறார்கள். எந்த பைக், எந்தப் பெட்டி, எந்த டயர் என்பதிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். அப்புறம் கப்பல் தேதி, அதற்கப்புறம் கார்னெட் (வண்டிக்கான சுங்க ஆவணம்), மழை எப்போது என்ற கேள்வி கடைசியில் வரும். இது தலைகீழ் வரிசை. மழைக்காலம்தான் தேதியை முடிவு செய்கிறது. தேதியை வைத்து விசாவும் கார்னெட்டும் அமைகின்றன. இவை மூன்றும் முடிவான பிறகு வண்டியைத் தொட்டால் போதும்.

இங்கே எடுத்துக்கொள்வது கென்யா, தான்சானியா, சாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்ற ஆறு நாட்டுப் பாதை. ஆறிலும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆங்கிலம் ஓரளவு எங்கும் செல்லும், முதன்மைச் சாலை முழுக்கத் தார். கெய்ரோவில் தொடங்கும் பாதை சூடான் வழியாக வருகிறது. அங்கே 2023 ஏப்ரலில் போர் தொடங்கியது. முதல் முறை போகிறவர்கள் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

1. முதலில் மாதம்

கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் நீண்ட மழை மார்ச் முதல் மே வரை, குறுகிய மழை அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் வரை. சாம்பியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. கேப் டவுன் இதற்கு நேர் எதிர்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும் சேர்ந்து வரும்.

இவை மூன்றையும் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தால் ஒரு வழிதான் தெளிவாகத் தெரியும். ஜூலை முதல் வாரத்தில் மொம்பாசா, ஜூலை கடைசியில் சாம்பியா, ஆகஸ்டில் போட்ஸ்வானாவும் நமீபியாவும், செப்டம்பரில் கேப் டவுன். வடமேற்குத் தென்னாப்பிரிக்காவின் நமக்வாலாந்தில் காட்டுப் பூக்கள் விரியும் காலமும் ஆகஸ்ட், செப்டம்பர்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய ஜாக்கெட்டோடு கிளம்புகிறார்கள். தான்சானியாவின் இரிங்கா, எம்பேயா மலைப்பகுதியில் ஜூலைக் காலை கை விறைக்கும். போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் குளிர்கால இரவு வெப்பம் சுழியம் அருகே வரும். கழற்றி மாட்டக்கூடிய உள்ளடுக்கும் ஒரு நல்ல கம்பளிப் பனியனும் அவசியம்.

2. பாதையைத் துண்டுகளாக வெட்டுங்கள்

ஏறத்தாழ இப்படி வரும்: மொம்பாசா–நைரோபி 480 கி.மீ.; நைரோபி–நமங்கா எல்லை–அருஷா 275; அருஷா–டொடோமா–இரிங்கா–எம்பேயா 1,000; எம்பேயா–டுண்டுமா எல்லை 105; அங்கிருந்து பெரும் வடக்குச் சாலையில் லுசாகா 1,000; லுசாகா–லிவிங்ஸ்டன்–கசுங்குலா பாலம் (போட்ஸ்வானா எல்லை) 550; கசுங்குலா–நாட்டா–மவுன் 600; மவுன்–கான்சி–மமுனோ எல்லை 500; எல்லையில் இருந்து விண்டூக் 320; விண்டூக்–நூர்டூவர் எல்லை 800; அங்கிருந்து கேப் டவுன் 700. கூட்டினால் 6,300 கி.மீ. நமீபியப் பாலைவனத்துக்குள் ஒரு சுற்றுப் போனால் 8,000 ஆகிவிடும்.

தார்ச்சாலையில் ஒரு நாளுக்கு 250–300 கி.மீ., சரளையில் 150–200 கி.மீ. என்று போடுங்கள். இந்திய நெடுஞ்சாலையில் 600 ஓட்டிய கணக்கு இங்கே உதவாது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரம்தான். ஆறரைக்கு விடிந்து ஆறரைக்கு இருட்டிவிடும். ஒவ்வொரு எல்லைக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். நான்கு நாள் ஓட்டினால் ஒரு நாள் ஓய்வு. இப்படிப் போட்டால் 50 நாள் வரும். 30 நாளில் முடிக்கத் திட்டமிடுகிறவர்கள் இருட்டில் ஓட்டும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். இந்தச் சாலைகளில் மிக ஆபத்தானது அதுதான்.

3. காகிதங்கள்: கடைசி நாட்டில் இருந்து பின்னோக்கி

விசாவை முதல் நாட்டில் இருந்து எடுக்கத் தொடங்குவது பரவலான தவறு. கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணு பயண அனுமதி வந்துவிட்டது. கிளம்புவதற்குச் சில நாள் முன்பு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். தென்னாப்பிரிக்கா அப்படியல்ல. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே விசா வாங்க வேண்டும், வழியில் வேறு நாட்டில் விண்ணப்பிப்பது கடினம். விசாவில் ‘இந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் அங்கே போய்ச் சேர்வதோ கடைசியில். அந்தத் தேதிக்கும் உங்கள் திட்டத்துக்கும் நடுவே மூன்று வாரமாவது இடைவெளி இருக்கட்டும். அதை உறுதி செய்த பிறகு நமீபியா, போட்ஸ்வானா என்று பின்னோக்கி வாருங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் ஒவ்வொரு நாட்டின் அரசுத் தளத்திலும் புறப்படும் மாதத்தில் ஒரு முறை மறுபடி பாருங்கள்.

பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும். முத்திரைகள் முழுப் பக்கம் தின்னும். எட்டு வெற்றுப் பக்கங்களுக்குக் குறைவாக இருந்தால் புது பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். அதன் பிறகுதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் ஒரு ஊசி ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இதற்கான அரசு மையங்களில் ஒன்று. இந்தச் சான்றிதழை எல்லைகளில் மட்டும் கேட்பதில்லை. மஞ்சள் காய்ச்சல் பகுதியில் இருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டுதான் செல்லும், அசல் உரிமமும் கூடவே இருக்க வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கட்டும். அப்பா பெயரிலோ கடன் கொடுத்த வங்கியின் பிடியிலோ இருக்கும் வண்டிக்கு எல்லைக்கு எல்லை விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

4. கார்னெட்: வண்டியின் பாஸ்போர்ட்

‘இந்த வண்டியை விற்க மாட்டேன், திரும்ப எடுத்துப் போவேன்’ என்று ஒரு மோட்டார் சங்கம் உங்களுக்காகக் கொடுக்கும் உத்தரவாதமே கார்னெட். இந்தியாவில் மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் வழங்குகிறது. வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்து வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். அந்தப் பணம் மாதக்கணக்கில் முடங்கும். செலவுக் கணக்கில் முதல் வரியாக இதை எழுதுங்கள்.

ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. கீழ்த்துண்டை நுழையும்போது அதிகாரி கிழித்துக்கொள்வார், நடுத்துண்டை வெளியேறும்போது. மேல்துண்டு உங்களிடமே இருக்கும். அதில் நுழைவு முத்திரை, வெளியேற்ற முத்திரை இரண்டும் விழுந்திருக்க வேண்டும். கிழிக்கும் துண்டில் மட்டும் முத்திரை குத்திவிட்டு மேல்துண்டை மறப்பது எல்லைகளில் சாதாரணமாக நடக்கும் தவறு. கவுண்டரை விட்டு நகரும் முன்பு முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் பாருங்கள். ஒரு முத்திரை விடுபட்டாலும் வண்டி அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகத்தான் கணக்கு. வரி உங்கள் உத்தரவாதத் தொகையில் இருந்து போகும்.

என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யைப் பார்த்து நிரப்பாதீர்கள். வண்டியின் உலோகத்தில் பொறித்திருப்பதைத் துடைத்துப் படித்து எழுதுங்கள். ஆர்.சி.யில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். அதிகாரி குனிந்து பார்ப்பது உலோகத்தைத்தான்.

போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். கசுங்குலாவில் நுழைவு முத்திரை வாங்கினால், வெளியேற்ற முத்திரை தென்னாப்பிரிக்காவை விட்டுப் போகும்போதுதான். நடுவில் உள்ள எல்லைகளில் யாராவது வெளியேற்ற முத்திரை குத்த முற்பட்டால் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். குத்தியே விட்டால் அடுத்த நாட்டில் கட்டாயம் புது நுழைவு வாங்குங்கள். பாதியில் விடக்கூடாது.

5. காப்பீடு

கென்யாவில் மூன்றாம் நபர் காப்பீடு வாங்கும்போதே கொமேசா (கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பு) மஞ்சள் அட்டையும் சேர்த்து வாங்குங்கள். ஒரே அட்டை தான்சானியாவிலும் சாம்பியாவிலும் செல்லும். அட்டையில் நாடுகளின் பட்டியல் இருக்கும். பணம் கட்டாத நாடுகளை அடித்திருப்பார்கள். உங்கள் நாடுகள் அடிபடாமல் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் விலையிலேயே விபத்து நிதிக்கான பங்கு இருக்கிறது. நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் இதே போன்ற நிதிகள் உண்டு. ஆனால் அவை உடற்காயத்துக்கு மட்டும். நீங்கள் இடித்த காருக்கு ஈடு தராது. அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: பைக் ஓட்டும்போது ஏற்படும் காயம் உண்டா, எத்தனை சி.சி. வரை, விமானத்தில் வெளியேற்றும் செலவு உண்டா. பல பாலிசிகள் இரண்டாவது வரியில் கைவிட்டுவிடும்.

6. வண்டி

சுமையோடு கீழே விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்க முடிய வேண்டும். வண்டித் தேர்வின் முதல் அளவுகோல் இதுதான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற 400 சி.சி. வட்டாரத்து வண்டி இந்தப் பாதைக்குத் தாராளமாகப் போதும். 250 கிலோ வண்டிகள் தாரில் சொகுசு, மணலில் சுமை.

இன்னொரு வழியும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் பைக் டாக்சிகளில் பெரும்பங்கு பஜாஜ் பாக்ஸரும், ஓசூரில் தலைமை ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸும்தான். இவற்றுக்குக் கிளட்ச் வயர் முதல் பிஸ்டன் வரை கிராமக் கடையிலும் கிடைக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போவதில் வருத்தம் இல்லாதவர்களுக்கு நல்ல தேர்வு.

கப்பலில் ஏற்றும் முன்பு டயர், செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், வீல் பேரிங், பேட்டரி அத்தனையும் புதிதாக மாற்றுங்கள். தேய்ந்ததைப் போட்டுக்கொண்டு புதியதைச் சுமந்து போவது வீண் எடை. நல்ல ஓ-ரிங் செயின் பராமரித்தால் 15,000 கி.மீ. தாண்டும். கடினமான ரப்பர் டயர் 10,000 தாண்டும். 8,000 கி.மீ. பயணத்துக்கு ஸ்பேர் டயர் கட்டிக்கொண்டு போகத் தேவையே இல்லை.

மாற்றியவுடன் கப்பலில் ஏற்றாதீர்கள். முழுச் சுமையோடு உள்ளூரில் 1,000 கி.மீ. ஓட்டுங்கள், அதில் 200 கி.மீ.யாவது கரடுமுரடாக இருக்கட்டும். தப்பாகப் போட்ட பேரிங்கும் உரசும் வயரும் பலமில்லாத கேரியரும் அப்போதே தெரிந்துவிடும். மைலேஜையும் அந்த ஓட்டத்தில்தான் அளக்க வேண்டும். சுமையோடு லிட்டருக்கு 28 கி.மீ. கிடைத்தால் 15 லிட்டர் டேங்க் 420 கி.மீ. வரும். சரளையிலும் எதிர்காற்றிலும் 22 ஆக இறங்கினால் 330. நமீபியாவில் சொலிட்டேருக்கும் வால்விஸ் பே-க்கும் நடுவே ஏறத்தாழ 230 கி.மீ.க்குப் பங்க் கிடையாது. அதற்கு இது போதும். ஆனாலும் 5 லிட்டர் காலிக் கேன் ஒன்று வைத்திருங்கள். பங்கில் சரக்கு தீர்ந்திருக்கும் நாள் வரும். அப்படிப்பட்ட வட்டாரத்துக்குள் நுழையும் முன்பு மட்டும் அதை நிரப்பினால் போதும்.

7. உதிரியும் கருவியும்

வண்டியோடு வந்த டூல் கிட்டை மட்டும் நம்பாதீர்கள். வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்துப்போகும் கருவிகளால் மட்டும் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். எது சேரவில்லையோ அதை வாங்குங்கள். பின் வீல் நட்டுக்கான பெரிய ஸ்பேனர்தான் பெரும்பாலும் விடுபடும்.

உதிரியில் இவை போதும்: முன், பின் டியூப் ஒவ்வொன்று, கிளட்ச் வயர், ஆக்சிலரேட்டர் வயர், கிளட்ச் லிவர், பிரேக் லிவர், ஒரு செட் பிரேக் பேட், செயின் இணைப்பு லிங்க் இரண்டு, ஸ்பார்க் பிளக், ஃபியூஸ், ஆயில் ஃபில்டர் ஒன்று, ஏர் ஃபில்டர் ஒன்று, ஒரு செட் வீல் பேரிங், உலோகப் பசை, கட்டுக்கம்பி, இரண்டாவது சாவி. 21 அங்குல முன் டியூபை அவசரத்துக்குப் பின் சக்கரத்தில் மடித்துப் போட்டு ஓட்டலாம். திருப்பிச் செய்ய முடியாது. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் முன் டியூபை எடுங்கள்.

பஞ்சருக்கு மூன்று டயர் லிவர், பேட்ச், பேட்டரியில் ஓடும் காற்று பம்பு. ஒட்டும் சொல்யூஷன் ட்யூபைத் திறந்தால் சில வாரத்தில் காய்ந்துவிடும். பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியது நான்கு வாங்குங்கள். பஞ்சர் ஒட்டப் பழகுவதை வீட்டு வாசலில் செய்யுங்கள். டியூபை லிவரால் கிழித்துக்கொள்ளும் முதல் இரண்டு முறையும் அங்கேயே நடந்து முடியட்டும்.

8. மூட்டை

எல்லாம் சேர்த்து 30 கிலோவுக்குள். மென்மையான பைகள் நல்லது. மணலில் விழும்போது அலுமினியப் பெட்டி கணுக்காலின் மேல் விழுந்து எலும்பை உடைக்கும். பை அமுங்கிக் கொடுக்கும். கேரியர் இரும்பில் இருக்கட்டும். வெல்டிங் கடை எந்தச் சிற்றூரிலும் உண்டு, அலுமினியம் ஒட்டுகிறவர் கிடைப்பது அரிது. வெல்டிங் வைக்கும் முன்பு பேட்டரியின் இரு முனையையும் கழற்றி, இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் இ.சி.யு.வைக் கருக்கிவிடும்.

பாலித்தீன் பையில் துணி சுற்றாதீர்கள். கென்யாவில் 2017 முதல், தான்சானியாவில் 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. தைத்த நீர்புகாப் பைகளைப் பயன்படுத்துங்கள். டிரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் கென்யா விமான நிலையத்தில் பிடித்து வைப்பார்கள்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி இந்தப் பாதையில் மிக உதவும். ஆனால் உரிமம் இல்லாமல் அதை இந்திய விமான நிலையத்துக்குள் கொண்டுபோனால் கைது வரை போகும். வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவில் வாடகைக்கு எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

9. கப்பல்

மரப்பெட்டி செய்தால் வெப்பப் பதம் செய்த மரம் என்ற முத்திரை மரத்தில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மரத்தைத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்துவார்கள். பெட்ரோலை ஏறத்தாழ முழுக்க வடித்து, பேட்டரி முனைகளைக் கழற்றி டேப் சுற்றுங்கள். முன் சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றினால் பெட்டியின் கன அளவு குறையும். கட்டணம் பெரும்பாலும் கன அளவுக்குத்தான்.

கப்பல் ரசீதில் பெறுநர் பெயர் பாஸ்போர்ட்டிலும் கார்னெட்டிலும் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் சிக்கல் தரும். ஓரிடத்தில் அப்பா பெயர் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால் என்றால் மொம்பாசாவில் சரக்கை எடுக்க நாள்கணக்கில் அலைய நேரும்.

கப்பல் வந்து சேரும் தேதி தள்ளிப்போகும். விமான டிக்கெட்டைக் கப்பல் மொம்பாசாவில் நின்ற பிறகு போடுங்கள். அங்கே முகவரை முன்கூட்டியே அமர்த்திக்கொள்ளுங்கள். இலவச நாள் கடந்தால் கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். பேசும்போது முகவர் கூலி, துறைமுகக் கட்டணம், கிடங்கு வாடகை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் பின்னால் கூடும்.

10. எல்லைச் சாவடி: எதை எங்கே முதலில்

நமங்கா, டுண்டுமா–நகொண்டே, கசுங்குலா மூன்றும் ஒரே கூரைச் சாவடிகள். வெளியேறும் நாட்டின் வேலையும் நுழையும் நாட்டின் வேலையும் ஒரே கட்டடத்தில், நீங்கள் போகும் நாட்டின் பக்கம் நடக்கும். புதியவர்கள் இரண்டு வகையில் தடுமாறுகிறார்கள். சிலர் வெளியேறும் முத்திரை வாங்காமல் எல்லையைக் கடந்துவிட்டோமே என்று பதறித் திரும்புகிறார்கள். சிலர் கூடத்தில் நுழைந்ததும் முதலில் தெரியும் கவுண்டரில், அதாவது நுழையும் நாட்டின் கவுண்டரில், பாஸ்போர்ட்டை நீட்டிவிடுகிறார்கள்.

சரியான வரிசை இது: பழைய நாட்டின் குடியேற்றம், பழைய நாட்டின் சுங்கம், புது நாட்டின் குடியேற்றம், புது நாட்டின் சுங்கம், சாலைக் கட்டணங்கள், காப்பீடு, கடைசியாக வாயிலில் காட்டும் சீட்டு. வரிசை மாறினால் அடுத்த கவுண்டரில் திருப்பி அனுப்புவார்கள். சாம்பியாவில் கார்பன் வரியும் பிற கட்டணங்களும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் நாட்டை விட்டுப் போகும்வரை வைத்திருங்கள், வழியில் சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

டுண்டுமாவில் லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். அதன் பின்னால் நிற்காதீர்கள். பைக்கும் காரும் ஓரமாக முன்னால் போகலாம். வண்டியைச் சூழும் ஆட்கள் ‘நானே முடித்துத் தருகிறேன்’ என்பார்கள். அவர்களிடம் கார்னெட்டையும் பாஸ்போர்ட்டையும் கையில் கொடுக்கவே கூடாது. பணம் மாற்றுகிறவர்களிடம் அடுத்த ஊருக்குப் பெட்ரோல் போடும் அளவுக்கு மட்டும் மாற்றுங்கள். அவர்களுடைய கால்குலேட்டரை நம்பாமல் உங்கள் போனில் கணக்குப் போடுங்கள். டாலர் நோட்டு புதியதாக, மடிப்பும் எழுத்தும் இல்லாமல் இருக்கட்டும். பழைய வரிசை நோட்டுகளைப் பல இடங்களில் தொடமாட்டார்கள்.

கென்யாவில் சிம் வாங்கும்போதே எம்-பெசா (போன் வழியே பணம் செலுத்தும் சேவை) கணக்கும் திறந்துவிடுங்கள். பெட்டிக்கடை, பங்க், விடுதி எல்லாம் அதிலேயே ஓடும். நமீபியாவில் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று செல்லும். நமீபிய டாலரை எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுங்கள், தெற்கே வாங்கமாட்டார்கள்.

11. தார்ச்சாலை

தான்சானியாவில் ஊர் தொடங்கும் பலகையில் இருந்து முடியும் பலகை வரை 50 கி.மீ. வேகம்தான். வேகக் கருவியோடு போலீஸ் நிற்பது அந்த இரண்டு பலகைக்கும் நடுவில். ஊர் முடிந்துவிட்டது போலத் தோன்றும், பலகை இன்னும் வந்திருக்காது. அங்கேதான் பிடிபடுவார்கள். அபராதம் என்றால் அரசுக் கட்டண எண் போட்ட சீட்டைக் கேளுங்கள். வேகத்தடைகள் பல இடங்களில் அடையாளமே இல்லாமல் இருக்கும். முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கைப் பாருங்கள்.

சாலையில் பச்சைக் கிளைகள் வரிசையாகக் கிடந்தால் அது மரம் முறிந்ததால் அல்ல. அடுத்த வளைவில் பழுதான லாரி நிற்கிறது என்பதற்கான அறிவிப்பு. உடனே வேகத்தைக் குறையுங்கள்.

முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ‘தாண்டு’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே பெரும்பாலும் ‘எதிரே வண்டி வருகிறது, தாண்டாதே’ என்று பொருள். ஓட்டுநருக்கு ஓட்டுநர் வழக்கம் மாறும், ஆகவே உங்கள் கண்ணால் பார்த்த சாலையை மட்டும் நம்புங்கள்.

கசுங்குலாவில் இருந்து நாட்டா வரை 300 கி.மீ. சாலையில் வேலி கிடையாது, யானை குறுக்கே வரும். காலை எட்டுக்கு மேல் கிளம்பி மாலை நான்குக்குள் முடியுங்கள். யானை தெரிந்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் காத்திருங்கள். ஹாரன் அடிக்கக் கூடாது. ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள். குட்டி பின்னால் வரும், நீங்கள் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் கால்நடை நோய்த் தடுப்பு வேலிகள் உண்டு. பச்சை இறைச்சியைப் பிடுங்கிக்கொள்வார்கள், செருப்பையும் சக்கரத்தையும் மருந்து நீரில் நனைக்கச் சொல்வார்கள். இரவுச் சமையலுக்கான கறியை வேலி தாண்டிய பிறகு வாங்குங்கள்.

12. சரளையும் மணலும்

நமீபியாவின் சரளைச் சாலைகள் பார்க்க அகலமாக, நேராக இருக்கும். அதனால்தான் ஆபத்து. 100 கி.மீ. வேகத்தில் போகத் தோன்றும். நடுவே மணல் தேங்கிய இடம் வரும், முன் சக்கரம் ஆடும், பிரேக் பிடிப்பார்கள், விழுவார்கள். 70–80 கி.மீ. போதும்.

டயர் காற்று: தாரில் 30–32 பிஎஸ்ஐ, சரளையில் 24–26, ஆழ மணலில் 16–18. சரளையில் 20க்குக் கீழே இறக்கினால் கூர்க்கல்லில் டியூப் ரிம்மோடு நசுங்கி இரண்டு ஓட்டை விழும். மணல் முடிந்தவுடன் மறுபடி ஏற்ற மறக்காதீர்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டியூப் சுழன்று வால்வு அறுந்துபோகும்.

மணலில் நின்று ஓட்டுங்கள். எடை கொஞ்சம் பின்னால், கை தளர்வாக, பார்வை இருபது மீட்டர் முன்னால். ஹேண்டில் ஆடும், ஆடட்டும். ஆட்டத்தை அடக்கக் கையை இறுக்கினாலோ ஆக்சிலரேட்டரை விட்டாலோ முன் சக்கரம் புதைந்துவிடும். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடிப்பது தான் நிலைக்க வைக்கும். மிக ஆழமாக இருந்தால் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்து, முதல் கியரில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

அலை அலையான சாலை போல்ட்டுகளைக் கழற்றும். தினமும் மாலை வண்டி சூடு ஆறியதும் கேரியர், சைலன்சர், ஹெட்லைட், மட்கார்டு, நம்பர் பிளேட் போல்ட்டுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. புழுதியில் செயினுக்கு எண்ணெய் அதிகம் விட்டால் மணல் ஒட்டி அரைக்கும் பசையாக மாறிவிடும். துடைத்து, மெல்லியதாக இரவில் பூசுங்கள். ஏர் ஃபில்டரைப் புழுதி நாட்களில் மூன்று நாளுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வனவிலங்குப் பூங்காக்கள் பலவற்றிலும் இதே விதி. வண்டியை விடுதியில் நிறுத்திவிட்டு ஜீப்பில் போகும்படி ஒரு நாளை ஒதுக்குங்கள்.

13. உடம்பு

மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே தேர்ந்தெடுங்கள். டாக்ஸிசைக்ளின் எடுத்தால் தோல் வெயிலில் எளிதாகப் பொசுங்கும். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே தெரியும் மணிக்கட்டில்தான் முதலில் தெரியும். நிறைய தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்கக் கூடாது. மலேரியாப் பகுதியை விட்டு வெளியேறிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள்.

ட்செட்சி ஈ கடிக்கும் காட்டுப் பகுதிகளில் கருநீல, கறுப்பு உடையைத் தவிருங்கள். அந்த நிறங்களைத் தேடித்தான் அது வரும். நமீபியாவில் வண்டியில் எப்போதும் 5 லிட்டர் தண்ணீரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் இருக்கட்டும்.

14. கேப் டவுனில் கார்னெட்டை மூடுவது

போய்ச் சேர்ந்ததும் வண்டியைக் கப்பல் முகவரிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் மாதங்கள் கழித்து வரிக் கேட்புக் கடிதம் பெறுகிறார்கள். பெட்டியில் அடைக்கும் முன்பு சுங்க அதிகாரி வண்டியின் எண்களைச் சரிபார்த்து, தென்னாப்பிரிக்க வெளியேற்ற முத்திரையைக் கார்னெட்டில் குத்த வேண்டும். முத்திரை விழுந்த பக்கத்தைப் பார்க்காமல் நகரை விட்டுக் கிளம்பாதீர்கள். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

இந்தியாவில் வண்டி இறங்கும்போது, புறப்பட்ட நாளில் சுங்கத்தில் பதிவான ஏற்றுமதிக் காகிதத்தைக் கேட்பார்கள். அதில் அதே என்ஜின், சேசிஸ் எண் இருந்தால்தான் இது புது இறக்குமதி அல்ல என்று ஏற்பார்கள். ஆகவே அந்தக் காகிதத்தின் அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு, நகலோடு பயணம் போங்கள். வண்டியை எடுத்ததும் எல்லா மேல்துண்டுகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கார்னெட்டைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்து, வங்கி உத்தரவாதத்தை விடுவிக்கும் கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.